21 பொத்தான், ஒரு பெருவிரல்

சட்டைக்குப் பொத்தான் போட யாருக்கும் கண் தேவையில்லை. கரண்ட் போன இரவிலும் அரைத் தூக்கத்திலும் விரல் தானாகத் துளையைத் தேடிப் போய்விடும். மட்டக்களப்புக் கல்லடியில் முப்பது வருடமாகத் தைத்துச் சீவிக்கிறேன். எத்தனை ஆயிரம் பொத்தான் தைத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்தக் கையில் ஒரு நாள் இந்த ரிமோட் வந்து சேர்ந்தது. அதைச் செய்தவர் வாழ்நாளில் ஒரு பொத்தானையாவது தொட்டுப் பார்த்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

முதலில் செட்டைப் பற்றிச் சொல்கிறேன். கனத்த சத்தத்துக்கு ஒரு பூஃபர், இரண்டு சின்ன ஸ்பீக்கர், அதாவது 2.1 செட். புளூடூத், எஃப்எம், யூஎஸ்பி எல்லாம் உண்டு. கத்தாரில் இருக்கும் மகன் காசு அனுப்பி, "அம்மா, அந்தக் கரகர றேடியோவைக் கட்டி வைங்க, நல்ல செட் ஒண்டு வாங்குங்க" என்றான். 2024 தைப்பொங்கலுக்கு முதல் கிழமை டவுனுக்குப் போய் வாங்கினேன். 38,500 ரூபாய். பெட்டியில் ஒரு பெயர் அச்சடித்திருக்கிறது, அதை இங்கே எழுதவில்லை. இதே உடம்பு, இதே ரிமோட், வேறு மூன்று பெயர் ஒட்டிக்கொண்டு அதே கடைத் தட்டில் நின்றதை நானே பார்த்தேன். ஒரே துணியில் தைத்த சட்டைக்கு நாலு லேபிள் குத்தின மாதிரி.

கடையில் நின்ற பிள்ளை தன் போனைப் புளூடூத்தில் பொருத்தி ஒரு குத்துப் பாட்டுப் போட்டான். கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. "எப்படி அக்கா?" என்றான். நன்றாகத்தான் இருந்தது. ரிமோட்டை அவன் கையால் தொடவேயில்லை. பெட்டிக்குள் பொலித்தீன் உறையில் அது படுத்திருந்தது. நானும் எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடுக்கைச் சத்தமும் நாதஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கின்றன. தையல் மெஷின் ஓடும்போதும் பாட்டின் சொல் விளங்குகிறது. என் வேலைக்கு அதுதான் முக்கியம். இந்த விலைக்கு இவ்வளவு சத்தம் தாராளம். செட்டுக்கு நான் முழுப் புள்ளி போடுவேன்.

ஆனால் செட்டின் உடம்பில் திருகும் குமிழ் ஒன்றுகூட இல்லை. அப்பாவின் பழைய றேடியோவில் இரண்டே குமிழ். ஒன்றைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு உயிர் வரும், இன்னும் திருகினால் சத்தம் கூடும். மற்றக் குமிழ் ஸ்டேஷன் மாற்ற. எவ்வளவு திருகியிருக்கிறது என்பதைக் கைதான் சொல்லும், கண் சொல்லத் தேவையில்லை. இந்தச் செட்டின் தலையில் இருப்பது வழுவழுப்பான ஒரு தொடு பலகை, அதில் நாலு குறி. ஸ்டேஷனை எண்ணால் பிடிக்கவோ, பாட்டைத் திரும்பத் திரும்பப் போடவோ, பேஸைக் கூட்டிக் குறைக்கவோ ரிமோட் இல்லாமல் முடியாது. செட்டின் பாதி மூளையை அந்த ரிமோட்டுக்குள் வைத்துவிட்டார்கள்.

அந்த ரிமோட் எப்படி இருக்கிறது? பிஸ்கட் ஒன்றின் கனம்தான். கையில் பிடித்தால் பிடித்த உணர்வே வராது. கறுப்புப் பிளாஸ்டிக் தாளின் கீழே கொப்புளம் கொப்புளமாக 21 பொத்தான். ஏழு வரிசை, வரிசைக்கு மூன்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம், ஒரே வெள்ளை எழுத்து. முதல் வரிசையில் பவர், மோட், மியூட். அடுத்த வரிசையில் பாட்டை நிறுத்த, முந்தைய பாட்டுக்குப் போக, அடுத்த பாட்டுக்குப் போக. மூன்றாவதில் பாட்டின் தொனி மாற்றும் ஈக்யூ, சத்தம் குறைக்க, சத்தம் கூட்ட. நாலாவதில் பூச்சியமும், பாட்டைத் திரும்பப் போட ஆர்பிடி என்றும், யூஎஸ்பிக்கும் மெமரி காட்டுக்கும் மாற யூ/எஸ்டி என்றும் இரண்டு பொத்தானும். மிச்ச மூன்று வரிசையும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள்.

கவனித்தீர்களா? சத்தம் கூட்டும் பொத்தானுக்கு நேர் மேலே அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தான். குறைக்கும் பொத்தானுக்கு நேர் மேலே முந்தைய பாட்டு. பெருவிரல் அரை அங்குலம் பிசகினால் சத்தம் கூடாது, பாட்டு மாறும். பாதிப் பாட்டில் கூட்டப் போய் அடுத்த பாட்டுக்குப் பாய்ந்து, திரும்பி வர அமத்தினால் பழைய பாட்டு முதலில் இருந்து தொடங்கி... ஒரு பாட்டை முழுசாகக் கேட்க மூன்று தரம் ஆரம்பத்தைக் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தரம் அமத்துவது சத்தப் பொத்தான்தான். ஆர்பிடியை மாதத்துக்கு ஒரு தரம் தொடுவோமா என்பதே கேள்வி. இரண்டுக்கும் ஒரே அளவு இடம் கொடுத்தவரை என்ன சொல்வது? சேர்ட்டில் கழுத்துப் பொத்தானையும் பொக்கற் பொத்தானையும் ஒரே இடத்தில் தைத்துக் கொடுத்தால் என் வாடிக்கையாள் சட்டையை என் முகத்தில் எறிவார்.

பவரும் மியூட்டும் வரிசையின் இரு முனையில் இருக்கின்றன, அதுவாவது நல்லது என்று முதலில் நினைத்தேன். ஆனால் ரிமோட்டை இருட்டில் எடுத்தால் எது மேல், எது கீழ் என்று தெரியாது. இரண்டு முனையும் ஒரே மாதிரி. தலைகீழாகப் பிடித்து மியூட் என்று நினைத்து அமத்தினால் ஏழாம் எண்ணில் விரல் விழும். செட் சமர்த்தாக ஏழாவது ஸ்டேஷனுக்கு ஓடிவிடும்.

இதெல்லாம் எனக்கு. அம்மாவின் கதை வேறு. அம்மாவுக்கு எண்பத்திரண்டு. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவ. தமிழில் பத்திரிகை வாசிப்பா, இங்கிலீஷ் எழுத்து தெரியாது. காலை ஐந்தரைக்கு எழும்பி வானொலியில் பக்திப் பாட்டும் பிறகு செய்தியும் கேட்க வேண்டும். வைகாசிச் சடங்கு வந்தால் கண்ணகை அம்மன் குளிர்த்திப் பாடல் கேட்க வேண்டும், அதை மகன் யூஎஸ்பியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். அவ்வளவுதான் தேவை. இந்த இரண்டு தேவைக்கும் நடுவில் 21 பொத்தான்.

ஒரு விடிகாலை நடந்ததைச் சொல்கிறேன். இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. இந்தச் செட்டுக்கு ஞாபக சக்தி கிடையாது. கரண்ட் போய் வந்தால் எஃப்எம்மில் இருந்ததை மறந்துவிட்டுத் தானாகப் புளூடூத்துக்குப் போய்விடும். சத்தமும் தான் நினைத்த அளவுக்கு ஏறிவிடும். அம்மா வழக்கம்போல் எழும்பிப் பவரை அமத்தினா. நாலரை அடி உயரப் பெண் ஒருத்தி வீட்டு ஹோலுக்குள் நின்று கத்தினது போல, இங்கிலீஷில், "புளூடூத் மோட்!" நான் பாயோடு எழும்பி உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அம்மா பயத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் அமத்தியிருக்கிறா. அந்தப் பெண் ஒவ்வொன்றாக அறிவிக்கிறாள், எஃப்எம் மோட், ஓக்ஸ் மோட், யூஎஸ்பி மோட், திரும்ப புளூடூத் மோட். மோட் பொத்தான் ஒரே வட்டமாகச் சுற்றும். ஒன்றைத் தவறவிட்டால் முழுச் சுற்றும் சுற்றித்தான் வரவேண்டும். பஸ் ஹோல்ட்டில் இறங்க மறந்தால் டிப்போ வரை போய் வருகிற மாதிரி.

"புள்ள, ஆரோ வெள்ளைக்காரி வந்து நிக்கிறா" என்றா அம்மா. சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அதற்கு அடுத்த கிழமை இன்னொன்று. ஸ்டேஷன்களை ஒரு பிற்பகல் முழுக்க இருந்து வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்று இலங்கை வானொலி, இரண்டு சூரியன், மூன்று சக்தி, இப்படி. அம்மாவுக்கும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். அம்மா பாட்டை நிறுத்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறா. வயதானவர்கள் அப்படித்தான், அமத்தினது பட்டதா என்று தெரியாவிட்டால் விரலை எடுக்கமாட்டார்கள். இந்தக் கொப்புளப் பொத்தானில் அமத்தினது பட்டதா இல்லையா என்று கைக்குத் தெரியவே தெரியாது. எஃப்எம்மில் அந்தப் பொத்தானை இரண்டு செக்கன் பிடித்தால் செட் தானாக எல்லா ஸ்டேஷனையும் புதிதாகத் தேடத் தொடங்கிவிடும். சேர்த்து வைத்ததெல்லாம் அழிந்துவிடும். இரண்டு நிமிடம் உஸ்ஸென்ற இரைச்சல். கடைசியில் இருபத்துச் சொச்சம் ஸ்டேஷன் பிடித்திருக்கிறேன் என்று எண் காட்டியது. அதில் பாதி வெறும் இரைச்சல். ஒன்றில் இருந்த இலங்கை வானொலி பதினொன்றுக்குப் போய்விட்டது. அம்மாவின் கடதாசி குப்பைக்குப் போயிற்று.

"அழிக்கட்டுமா?" என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்க வாய் இருக்கிறதுதானே, அந்த வெள்ளைக்காரிக்கு.

அப்புறம் வெயில். எங்கள் வீட்டு விறாந்தை கடலைப் பார்த்தது. சூரியன் கடலில் இருந்து எழும்பி நேரே ஹோலுக்குள் வரும். காலை ஆறரை தொடக்கம் எட்டு வரை ரிமோட்டுக்குச் செட் மசியாது. பற்றரி செத்துவிட்டதாக நினைத்து ஒரு பற்றரி வாங்கிப் போட்டேன். அன்றும் எட்டு மணிக்குப் பிறகுதான் வேலை செய்தது. பிறகுதான் புரிந்தது. ரிமோட் பேசுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில். வெயிலிலும் அதே ஒளி கொட்டிக் கிடக்கிறது. அந்த இரைச்சலுக்குள் தன் குரல் தெரிய வேண்டும் என்றுதான் ரிமோட் தன் ஒளியைச் செக்கனுக்கு 38 ஆயிரம் தரம் துடிக்க விடுகிறது. செட்டுக்குள் இருக்கும் கண் அந்தத் துடிப்பை மட்டும் தேடும். ஆனால் நேர் வெயில் முகத்தில் அடித்தால் எந்தக் கண்ணும் கூசத்தான் செய்யும். மிஞ்சிய கறுப்பு லைனிங் துணியில் தொப்பி மாதிரி ஒரு விளிம்பு தைத்துச் செட்டின் நெற்றியில் ஒட்டினேன். இப்போது காலையிலும் கேட்கிறது. பார்க்க முக்காடு போட்ட மாதிரி இருக்கிறது, பரவாயில்லை.

சாமிப்பட விளக்கின் கதையையும் சொல்லிவிட வேண்டும். படத்தைச் சுற்றி நிறம் மாறும் எல்ஈடி நாடா ஒன்று ஒட்டியிருக்கிறோம், அதற்கும் ஒரு சின்ன ரிமோட் உண்டு. நான் பாட்டுக்கு எண்ணை அமத்தினால் சில நேரம் பிள்ளையார் பச்சையாவார். சத்தத்தைக் கூட்டினால் சிவப்பாவார். அம்மா இதைத் தெய்வச் செயலாக எடுக்கத் தொடங்கியிருந்தா. நான் அவசரப்பட்டு மறுக்கவில்லை.

நாலாவது மாதம் சத்தம் கூட்டும் பொத்தானின் மேல் தாள் வெடித்தது. அதைத்தானே ஓயாமல் அமத்துகிறோம். வெடித்த இடத்தால் வியர்வை உள்ளே போயிற்று. கல்லடிக் காற்று உப்புக் காற்று, எங்கள் ஊசியே ஒரு கிழமை வெளியில் கிடந்தால் துருப்பிடிக்கும். பற்றரித் தட்டை இழுத்துப் பார்த்தால் தகடு பழுப்பாகக் கிடந்தது. கடைக்குக் கொண்டுபோனேன். செட்டுக்கு ஆறு மாத வாரண்டி உண்டாம், ரிமோட்டுக்கு இல்லையாம். தனி ரிமோட்டும் விற்பதில்லையாம். செட்டின் பாதி மூளை அதற்குள் இருக்கிறதே என்று கேட்டால், "போன்ல புளூடூத்தால போடுங்களன் அக்கா" என்றான் பிள்ளை. அம்மாவிடம் போன் இல்லை என்பது அவன் கவலை இல்லை.

பற்றரியைப் பற்றி இனிச் சொல்வதுதான் எனக்குப் பெரிய குறை. மற்றதெல்லாம் எரிச்சல், இது பயம். இந்த ரிமோட்டில் போடுவது காசு மாதிரியான வட்டப் பற்றரி. சிஆர் 2025 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். இந்த எண்ணில் ஒரு ரகசியமும் இல்லை: 20 மில்லிமீற்றர் அகலம், 2.5 மில்லிமீற்றர் கனம். முதல் தரம் கடையில் 2032 தந்துவிட்டார்கள். அது 3.2 மில்லிமீற்றர், தட்டு மூடவில்லை. பொத்தான் துளைக்குப் பெரிய பொத்தான் கொடுத்த மாதிரி. சரி, அது சின்ன விஷயம்.

மகளின் பிள்ளைக்கு இரண்டு வயது. நான் வெட்டும் மேசைக்குக் கீழே விளையாடும். ஒரு நாள் திரும்பிப் பார்க்கிறேன், ரிமோட்டை வைத்துக்கொண்டு இருக்கிறது, தட்டு வெளியே கிடக்கிறது, பற்றரி கையில். தட்டுக்குத் திருகாணி கிடையாது. ஓரத்தை நெருக்கி இழுத்தால் வந்துவிடும். எண்பத்திரண்டு வயதுக் கைக்கு இழுக்க வராதது இரண்டு வயதுக் கைக்கு வந்துவிட்டது. நல்லவேளை வாயில் போடவில்லை. கை நடுங்கப் பிடுங்கி எடுத்தேன்.

பிள்ளைகள் இந்த வட்டப் பற்றரியை விழுங்கினால் அது தொண்டைக்குழாயில் சிக்கும். 20 மில்லிமீற்றர் சைஸ்தான் சின்னத் தொண்டைக்கு ஆக மோசம். உள்ளே ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடி, சோடாக் காரம் போல ஒன்று உண்டாகிச் சதையை எரிக்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் பெரும் புண்ணாகிவிடும். பழைய பற்றரி, ரிமோட்டை ஓட்டச் சக்தியில்லாதது, அதற்கும் எரிக்கச் சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், மலத்தோடு வரும் என்று பார்த்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் இப்படி ஒரு குழந்தை இறந்த பிறகு 2022இல் சட்டமே கொண்டுவந்தார்கள்: பற்றரி வைக்கும் இடத்தைச் சின்னப் பிள்ளைகள் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று. அதன்படி வந்த விதியில், திறக்க ஒரு கருவியோ, ஒரே நேரத்தில் செய்யும் இரண்டு தனித்தனிக் கையசைவோ தேவை. ஆஸ்திரேலியாவிலும் அதே வருடம் ஆனி மாதம் இது கட்டாயமானது. ஒரு சின்ன ஆணி. அதற்கு என்ன விலை வந்துவிடும்? என் பெட்டியில் கிடக்கும் ஊக்கை விட மலிவாகத்தான் இருக்கும்.

அன்றே அந்தப் பற்றரிக்கு இரண்டு பக்கமும் டேப் சுற்றி எடுத்து வைத்துவிட்டுக் காத்தான்குடிக்குப் பஸ் ஏறினேன். பிரதான வீதியில் இருந்து உள்ளே கிறுகும் ஒழுங்கையில் ஒரு திருத்துகிற காக்கா, அதாவது முஸ்லிம் அண்ணன் ஒருவர், இருக்கிறார். டிவி, றேடியோ, மின்விசிறி, எதைக் கொண்டுபோனாலும் முதலில் மணந்து பார்ப்பார். என் ரிமோட்டை வாங்கித் தன் போனின் கமெராவுக்கு முன்னால் பிடித்து அமத்தினார். திரையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மினுங்கியது. "பாத்தீங்களா தங்கச்சி, நம்மட கண்ணுக்குத் தெரியாது, கமெராவுக்குத் தெரியும்." சத்தம் கூட்டும் பொத்தானை அமத்தினார், பொட்டு வரவில்லை. "இந்தப் பொத்தான் மவுத்து. மத்ததெல்லாம் உசிரோட இருக்கு." சில போன்களில் பின் கமெராவுக்குத் தெரியாதாம், முன் கமெராவில் பார்க்க வேண்டுமாம். பற்றரி வாங்கிக் காசைக் கரைக்க முதல் நீங்களும் இதைச் செய்து பாருங்கள்.

பிள்ளையார் பச்சையாவதைச் சொன்னேன். காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். மறுகா விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு தரமும் அமத்தும்போது ரிமோட் முதலில் ஒரு விலாசம் சொல்லும், பிறகுதான் கட்டளை சொல்லும். தன் விலாசம் இல்லையென்றால் மற்றச் சாமான் கேளாதது போல் இருக்கும். ஆனால் மலிவுச் சாமான் செய்கிறவர்கள் விலாசம் எழுதும் இடத்தில் எல்லாரும் ஒரே பூச்சியத்தை விட்டுவிடுகிறார்கள். "ஒரே ஒழுங்கையில நாலு வீட்டுக்கு ஒரே நம்பர் போட்டா தபால்காரன் என்ன செய்வான்?" என்றார்.

புது ரிமோட் ஒன்று எடுத்து வைத்தார். படித்துக்கொள்ளும் ரிமோட். பழையதையும் புதியதையும் மூக்கோடு மூக்கு வைத்து, இதில் ஒன்றை அமத்தினால் அது கேட்டு மனதில் வைத்துக்கொள்ளும். உயிரோடு இருந்த பொத்தான்களை இப்படிப் படிப்பித்தார். செத்துப்போன சத்தப் பொத்தானுக்கு என்ன வழி என்று யோசித்தேன். தன்னிடம் பழுதுக்கு வந்திருந்த வேறொரு செட்டின் ரிமோட்டை எடுத்தார். பெயர் வேறு, 21 பொத்தானும் அதே வரிசை. அதிலிருந்து படிப்பித்தார். என் வீட்டில் அப்படியே வேலை செய்கிறது. ஒரே விலாசத்தால் வந்த ஒரே நன்மை அதுதான். 1,800 ரூபாய் எடுத்தார்.

இது கைக்கு அடங்குகிற ரிமோட். முதுகு வளைந்திருக்கிறது, பாரம் இருக்கிறது, பொத்தான்கள் றப்பர். அமத்தினால் விரல் கீழே போய்த் திரும்பி வருவது தெரிகிறது. இரண்டு ஏஏஏ பற்றரி போடுகிறது, மூடிக்கு ஆணியும் உண்டு. வட்டப் பற்றரியை விட மூன்று மடங்கு அளவு சக்தி அந்தச் சின்ன உருளை ஒவ்வொன்றிலும் இருக்கிறதாம். 2024 வைகாசியில் போட்டது ஒன்றரை வருடம் ஓடியது. குறை என்னவென்றால் இதிலும் நாற்பதுக்கு மேல் பொத்தான். டிவி, டிவிடி எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்தது. அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா.

இந்தக் கதையை மகனிடம் போனில் சொன்னபோது அவன் ஒரு படம் அனுப்பினான். 1956இல் அமெரிக்காவில் செனித் என்ற கம்பனி டிவிக்குச் செய்த ரிமோட். நாலே நாலு பொத்தான். உள்ளே பற்றரியே கிடையாது. பொத்தானை அமத்தினால் ஒரு சின்னச் சுத்தியல் அலுமினியக் கம்பியில் அடிக்கும், மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழும்பும், டிவி அதைக் கேட்டு நடக்கும். கம்பிக்குக் கம்பி நீளம் வேறு, ஒலி வேறு. நம் கோயில் மணி மாதிரி. பொத்தானை அமத்தும் 'கிளிக்' சத்தம் கைக்கும் காதுக்கும் தெரியும். றொபேர்ட் அட்லர் என்ற பொறியியலாளர் செய்தாராம். எழுபது வருடத்தில் நாலில் இருந்து இருபத்தொன்றுக்கு வந்திருக்கிறோம், அமத்தின சத்தத்தையும் தொலைத்துவிட்டு.

அந்த நாலு பொத்தான்தான் எனக்கு வழி காட்டியது. அம்மாவுக்குத் தேவை ஐந்து: பவர், சத்தம் கூட்ட, சத்தம் குறைக்க, திரும்ப இலங்கை வானொலியை வைத்த எண் ஒன்று, மோட். மிச்சத்தை மூடிவிட வேண்டும். கத்தரிக்கோல் என் கையில்தானே இருக்கிறது.

ஸ்கூல் பாக் தைத்து மிஞ்சிய கடும் நீல றெக்சின் துண்டு ஒன்று எடுத்தேன். புது ரிமோட்டின் அளவுக்கு ஓர் உறை வெட்டினேன், தலைப்பக்கம் ஒளி வரும் இடம் திறந்து. ஐந்து பொத்தானுக்கு மட்டும் துளை. துளையை வெறுமனே வெட்டி விட்டால் ஓரம் கிழியும், அதனால் சேர்ட்டுக்குக் காஜா எடுக்கிற மாதிரி ஓரம் முழுக்க நெருக்கமாக நூல் போட்டேன். பவருக்குச் சிவப்பு நூல். சத்தம் கூட்டும் துளைக்கு மேலே, பெருவிரல் நுனி படுகிற இடத்தில், தடித்த நூலில் ஒரு முடிச்சு. குறைப்பதற்குக் கீழே ஒரு நீளத் தையல், அரிசி மணி மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு நானே பத்துத் தரம் பிடித்துப் பார்த்தேன். முதல் உறையில் முடிச்சு துளைக்கு மிகக் கிட்டப் போய்விட்டது, அமத்தும்போது விரல் முடிச்சில் ஏறி நின்றது. பிரித்துவிட்டு நூலிழை நாலு தள்ளித் தைத்தேன். வால்பக்கத்தில் ஒரு நாடா, கதிரைக் கையில் கட்டி வைக்க. தலை எது, வால் எது என்று இருட்டிலும் தெரியும்.

அம்மா வாங்கி விரலால் தடவிப் பார்த்தா. "இப்பதான் இதுக்கு உடுப்புப் போட்டிருக்கா" என்றா. அடுத்த நாள் காலை நான் எழும்பும்போது செய்தி போய்க்கொண்டிருந்தது, அளவான சத்தத்தில்.

குளிர்த்திப் பாடலுக்கு யூஎஸ்பிக்குப் போக வேண்டியிருக்கிறது, அதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுவா. கரண்ட் போய் வந்தால் வெள்ளைக்காரி இப்போதும் கத்துகிறாள். அவளுக்கு நான் ஒரு மருந்தும் கண்டுபிடிக்கவில்லை. பூஃபருக்கு மேல் தலையணை போட்டுப் பார்த்தேன், தலையணை அதிர்ந்ததுதான் மிச்சம். பழைய ரிமோட் பற்றரி இல்லாமல் என் பொத்தான் டப்பாவுக்குள் கிடக்கிறது.

செட்டை இன்றும் விற்கிறார்கள். சத்தத்துக்காக வாங்கலாம், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். காத்தான்குடிக் காக்காவின் 1,800 ரூபாயையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் போனால் பாட்டைப் போட்டுக் காட்டுகிற பிள்ளையிடம் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். ரிமோட்டைப் பொலித்தீனில் இருந்து எடுக்கச் சொல்லிக் கையில் வாங்குங்கள். பற்றரித் தட்டில் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கூட்டுங்கள். அவன் சிரிப்பான். பாட்டு மாறினால் நீங்களும் சிரித்துவிட்டு, திரும்ப உறைக்குள் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.